'பாஸ்ட் அவுட்' என்று சொன்னால் மயங்கி விழுந்ததாக அர்த்தமா? பள்ளிக்கூட ஆங்கிலம்: கேள்வி பதில்

இங்கே சிங்கப்பூரில் பள்ளியிலிருந்து வரும் கடிதத்தில் ஆங்கிலம் புரிகிறது, ஆனால் சொல்ல வருவது புரியவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் சில ஆண்டுகள் ரிலீஃப் டீச்சர், அதாவது ஆசிரியர் வராத நாளில் அவர் இடத்தில் போய் நிற்பவர். இப்போது வீட்டிலேயே ஆங்கில டியூஷன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, திருச்சியிலிருந்து வந்து எட்டு மாதம். நேர்முகத் தேர்வில் 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2014' என்றேன். எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார். என்ன தப்பு?

தப்பு உங்கள் மேல் இல்லை தம்பி, ஊர் மாறிவிட்டது, அவ்வளவுதான். இந்தியாவில் படிப்பை முடிப்பதற்கு அந்தச் சொல் சகஜம். இங்கே கேட்பவருக்கு நீங்கள் 2014இல் மயங்கி விழுந்தது போலத் தோன்றும். வேடிக்கை என்னவென்றால், தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சி செய்த பையன்களைக் கேளுங்கள், அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் நடக்கும் அணிவகுப்புக்குப் பெயரே 'பாசிங் அவுட் பரேட்'. ராணுவத்தில் சரி, காலேஜுக்கு 'கிராஜுவேட்டட்' என்றே சொல்லுங்கள். இன்னொன்று, நாம் பரீட்சை 'எழுதுகிறோம்' என்பதால் ஆங்கிலத்திலும் 'ரோட் தி எக்ஸாம்' என்று வந்துவிடும். இங்கே 'சாட் ஃபார்' அல்லது 'டுக்' என்பார்கள்.

ஃபார்ம் டீச்சரைப் பாருங்கள் என்றார்கள். படிவம் நிரப்பித் தருபவரா?

இல்லைமா, நம்ம ஊர் கிளாஸ் டீச்சர்தான். பிரிட்டிஷ் பள்ளிகளில் வகுப்பை 'ஃபார்ம்' என்பார்கள், அந்தப் பழக்கம் இங்கே தங்கிவிட்டது. படிவமும் அவரிடம்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் நீங்கள் நினைத்ததிலும் பாதி சரி.

மகளுக்கு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், தமிழில் ஏஎல் 5. அண்ணன் மகனுக்கு ஏஎல் 2. அண்ணி ஏன் இவ்வளவு பெருமைப்படுகிறார், 5 தானே பெரிது?

அண்ணியிடம் இதை இன்னும் சொல்லவில்லையே? ஏஎல் என்பது மதிப்பெண் இல்லை, படிநிலை. எண் குறையக் குறைய நல்லது. 90 அல்லது அதற்கு மேல் வாங்கினால் 1, 85 முதல் 89 வரை 2, அப்படியே இறங்கி 20க்குக் கீழே 8. ஏஎல் 5 என்றால் 65 முதல் 74க்குள். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி நான்கையும் கூட்டினால் வருவது மொத்தப் புள்ளி, சிறந்தது 4, கடைசி 32. 2021இல் வந்த முறை இது, அதனால் அதற்கு முன் படித்த உறவினர்கள் 240, 250 என்று பேசினால் குழம்பாதீர்கள், அது வேறு கணக்கு.

இதோடு சேர்ந்து குழப்புவது 'போஸ்டிங் குரூப்'பும் ஜி1, ஜி2, ஜி3யும். முன்பு எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற 'ஸ்ட்ரீம்'களாகப் பிள்ளைகளையே பிரித்தார்கள், 2024இல் உயர்நிலைப் பள்ளி முதல் வகுப்பில் சேர்ந்தவர்களிலிருந்து அது இல்லை. போஸ்டிங் குரூப் என்பது உயர்நிலைப் பள்ளியில் இடம் ஒதுக்குவதற்கான பிரிவு. ஜி எண் என்பது ஒவ்வொரு பாடத்தின் கடினம், இதில் மட்டும் 3தான் மேல்! (ஏஎல்லில் 1 மேல், ஜியில் 3 மேல், யார் யோசித்தார்களோ.) உங்கள் மகள் போஸ்டிங் குரூப் 2இல் போனாலும், தமிழில் ஏஎல் 5 இருப்பதால் அந்தப் பாடத்தை ஜி3 நிலையில் எடுக்க வாய்ப்பு உண்டு. 'ஸ்ட்ரீம்' என்ற பழைய சொல்லை வைத்து யாராவது உங்களைப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

வீட்டில் தெலுங்கு பேசுவோம், ஊர் கோயம்புத்தூர். 'மதர் டங்' பகுதியில் என்ன எழுதுவது?

பள்ளிப் படிவத்தில் 'மதர் டங்' என்றால் நீங்கள் அம்மாவிடம் பேசும் மொழி என்று அர்த்தம் இல்லை, அது ஒரு பாடத்தின் பெயர். சீனம், மலாய், தமிழ் தவிர வங்காளம், குஜராத்தி, இந்தி, பஞ்சாபி, உருது படிக்கவும் வழி உண்டு. தெலுங்கு அந்தப் பட்டியலில் இல்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் பெரும்பாலும் தமிழையே எடுக்கிறார்கள். ஆனால் வீட்டில் பேசும் மொழி என்ன என்று தனியாகக் கேட்டிருந்தால் அங்கே தெலுங்கு என்றே எழுதுங்கள். இரண்டும் வேறு கேள்விகள்.

மகனுக்கு வயிற்றுவலி. 'மை சன் இஸ் ஆன் லீவ்' என்று எழுதலாமா?

வேலைக்குப் போகிறானா அவன்? லீவு ஆசிரியருக்கும் உங்களுக்கும். பிள்ளை 'ஆப்சென்ட்'. 'ஹி வில் பி ஆப்சென்ட் டுடே' என்று எழுதி, டாக்டர் தந்த எம்.சி.யை, அதாவது மருத்துவச் சான்றிதழை அனுப்புங்கள்.

பிரின்சிபல் என்பதற்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருக்கிறதே?

ஒலி ஒன்றுதான். ஏ, எல் என்று முடிந்தால் தலைமையாசிரியர். எல், ஈ என்று முடிந்தால் கொள்கை.

அமெரிக்காவிலிருக்கும் என் தங்கை, 'டியூஷன்' கட்ட முடியவில்லை என்று அழுகிறாள். மாலை வகுப்பை விட்டுவிடச் சொன்னேன், கோபித்துக்கொண்டாள்.

அவள் சொன்னது காலேஜ் கட்டணத்தை. அங்கே டியூஷன் என்றால் அதுதான். உடனே போன் செய்து சமாதானப்படுத்துங்கள்.

மகன் 'ஐ ஆம் மகிங்' என்று தோழனுக்கு எழுதியிருந்தான். அகராதியில் வழிப்பறி என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது அக்கா.

பயப்படாதீர்கள், விழுந்து விழுந்து படிக்கிறான் என்று அர்த்தம். நம்ம ஊரில் 'மக் அப்' என்றால் மனப்பாடம், இங்கே தேர்வுக்காக மணிக்கணக்காக உட்கார்ந்து படிப்பதே 'மகிங்'. கவலைப்பட வேண்டிய சொல் 'பொந்தேங்', மலாய்ச் சொல், வகுப்புக்கு மட்டம் போடுவது. அது அவன் போனில் கண்ணில் பட்டால் திரும்ப எழுதுங்கள்.