பிரிட்டனில் விசா முடிந்தும் தங்கிவிட்டேன். மறுபடியும் மாணவர் விசா கிடைக்குமா?

கேள்வி: 2022 செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்க பிரிட்டன் போனேன். பாடத் தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். அப்பாவின் தொழில் நொடித்துப்போன நேரத்தில் ஆய்வறிக்கையை முடிக்க முடியவில்லை. 2024 ஜனவரி 29 அன்று விசா முடிந்தது. வெறுங்கையோடு ஊர் திரும்ப மனம் வராமல் அங்கேயே இருந்தேன். ஜூன் 20 அன்று மாமா போட்டுக் கொடுத்த டிக்கெட்டில் திரும்பி வந்தேன். இடையில் சில வாரங்கள் ஒரு கடையில் கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை பார்த்தேன். இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்க நினைக்கிறேன். ஏஜென்ட், "புது பாஸ்போர்ட் எடுங்க, ஓவர்ஸ்டே கேள்விக்கு 'இல்லை'ன்னு போட்டுடலாம், அங்கே வெளியே போகும்போது முத்திரையே குத்துறதில்லையே" என்கிறார். செய்யலாமா? எனக்கு நிரந்தரத் தடை விழுந்துவிட்டதா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: நிரந்தரத் தடை எதுவும் இல்லை. ஆனால் ஏஜென்ட் சொல்வதை மட்டும் செய்துவிடாதீர்கள். இன்று உங்கள் கோப்பில் இருப்பது காலாவதியாகிவிட்ட ஓராண்டுத் தடை. அவர் சொல்கிறபடி செய்தால் அது புத்தம் புதிய பத்தாண்டுத் தடையாக மாறிவிடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஜனவரி 30 முதல் ஜூன் 20 வரை 143 நாட்கள் விசா இல்லாமல் இருந்திருக்கிறீர்கள். பிரிட்டன் விதிகளில் 30 நாள் என்பது ஒரு எல்லைக்கோடு. அதற்குள் அரசு செலவு இல்லாமல் தானாகவே கிளம்பிவிட்டவர்களுக்கு மறுநுழைவுத் தடை கிடையாது. 2017 ஏப்ரல் 6-க்கு முன்பு இந்தச் சலுகை 90 நாளாக இருந்தது. பழைய கதையைக் கேட்டுவிட்டு இன்னும் "மூணு மாசம் வரைக்கும் பிரச்சினை இல்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம். 30 நாளைத் தாண்டி, ஆனாலும் அரசுக்குச் செலவு வைக்காமல் தானாகக் கிளம்பியவர்களுக்கு, நாட்டைவிட்டுப் போன நாளிலிருந்து 12 மாதம் தடை. உங்கள் நிலை இதுதான். டிக்கெட் போட்டது நீங்களா மாமாவா என்பது பெரிதில்லை; பிரிட்டன் அரசின் பணம் இல்லை என்பதுதான் முக்கியம்.

அரசே டிக்கெட் போட்டு அனுப்பியிருந்தால் கதை வேறு. வெளியேற வேண்டும் என்ற நோட்டீஸ் வந்து ஆறு மாதத்துக்குள் அப்படிப் போனால் இரண்டு ஆண்டு, அதற்கு மேல் இழுத்தடித்துப் போனால் ஐந்து ஆண்டு. பிடித்து, அரசு செலவில் கட்டாயமாக அனுப்பினால் பத்து ஆண்டு. மாமாவின் டிக்கெட் உங்களை எதிலிருந்து காப்பாற்றியது என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆக, 2025 ஜூன் 20-உடன் உங்கள் கட்டாயத் தடை முடிந்தது. தடைக் காலத்துக்குள் விண்ணப்பித்திருந்தால் அதிகாரி நிராகரித்தே ஆக வேண்டும், அவருக்கு வேறு வழி கிடையாது. இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் பழையதைப் பார்த்து, குடியேற்ற விதிகளை இவர் வேண்டுமென்றே பெரிய அளவில் ஏமாற்றியிருக்கிறார் என்று அதிகாரி கருதினால் மறுக்கும் உரிமை அவருக்கு இன்னும் உண்டு. தலைமறைவாக இருப்பது, வேறு பெயரில் வாழ்வது, காலத்தை இழுக்க வெற்று விண்ணப்பங்கள் போடுவது, அனுமதியில்லாமல் வேலை செய்வது போன்றவற்றை இதற்குள் வைத்துப் பார்ப்பார்கள்.

அந்தக் கடை வேலையைப் பற்றி நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. பலரும் அதை விட்டுவிட்டுத்தான் கேட்பார்கள். விசா முடிந்த பிறகு ஒரு மணி நேரம்கூட வேலை செய்யும் உரிமை உங்களுக்குக் கிடையாது. விசா படிவத்தில், விசா காலத்துக்கு மேல் தங்கியது உண்டா, அனுமதியின்றி வேலை செய்தது உண்டா, விசா நிபந்தனைகளை மீறியது உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். எந்த நாட்டில் நடந்திருந்தாலும் சொல்ல வேண்டும். எனவே, ஆம், இதையும் சொல்லத்தான் வேண்டும். எப்போது தொடங்கி எப்போது வரை, என்ன வேலை என்று நேராக எழுதுங்கள். சில வாரம் கடையில் நின்ற ஒன்றை மட்டும் வைத்து, எல்லாக் கதவையும் மூடும் அளவுக்குப் பெரிய ஏமாற்று என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனாலும் உங்கள் கோப்பிலேயே மெலிந்த இடம் இதுதான். ஆகவே இந்தப் பகுதியை எழுதும்போது மட்டுமாவது பிரிட்டன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காசு கொடுத்து ஆலோசனை கேளுங்கள். பிரிட்டனில் இருந்துகொண்டு குடியேற்ற ஆலோசனை தருபவர், வழக்கறிஞராக இல்லாவிட்டால், இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி என்ற அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். 2025 ஜனவரிக்கு முன் அதற்கு ஓஐஎஸ்சி என்று பெயர். பதிவுப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நம் ஊர் ஏஜென்ட் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரமாட்டார். அவர் சொல்லிக் கொடுத்த பொய்க்கும் கையெழுத்து போடுவது நீங்கள். தடையும் உங்கள் பேரில்தான் விழும்.

இனி அந்த 'முத்திரை' வாதம். பிரிட்டனை விட்டு வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது என்பது உண்மைதான். ஆனால் 2015 ஏப்ரலிலிருந்து, வெளியேறும் பயணிகளின் பாஸ்போர்ட் விவரங்களை விமான நிறுவனங்கள் பிரிட்டனின் உள்துறையான ஹோம் ஆபீஸுக்கு அனுப்புகின்றன. நீங்கள் எந்த நாள் எந்த விமானத்தில் ஏறினீர்கள் என்பது அவர்கள் கணினியில் இருக்கும். போதாததற்கு, சென்னையில் இறங்கியதும் நம் குடிவரவு அதிகாரி குத்திய முத்திரையில் தேதி இருக்கிறது.

புது பாஸ்போர்ட் எடுத்தாலும் விரல்கள் பழையவைதானே? 2022-ல் விசா எடுக்கும்போது பத்து விரல் ரேகையும் கொடுத்திருக்கிறீர்கள். இந்த முறை விசா மையத்தில் கை வைத்ததுமே பழைய கோப்பு திறந்துகொள்ளும். கைரேகை ஒப்பிடும் ஏற்பாடு அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளோடும் பிரிட்டனுக்கு உண்டு. அதனால் "இங்கே ஆகலைன்னா கனடாவுக்குப் போட்டுப் பார்க்கலாம், அங்கே தெரியாது" என்ற அடுத்த யோசனையும் வேண்டாம்.

'இல்லை' என்று எழுதி அது பொய் என்று தெரிந்தால் அதற்குப் பெயர் ஏமாற்று. பத்தாண்டுத் தடை. 143 நாள் தங்கியதற்கு ஓராண்டு. அதை மறைத்ததற்குப் பத்து ஆண்டு! பிறகு எந்த நாட்டின் படிவத்தை நிரப்பினாலும் "விசா மறுக்கப்பட்டதுண்டா, ஏன்?" என்ற கேள்விக்கு இந்தக் காரணத்தைத்தான் எழுத வேண்டியிருக்கும். இருபதுகளின் நடுவில் இருக்கும் ஒருவர் இதைத் தலையில் ஏற்றிக்கொள்வதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? விண்ணப்பத்தைத் தொடும் முன் ஹோம் ஆபீஸிடம் உங்களைப் பற்றிய பதிவுகளின் நகலைக் கேளுங்கள். சப்ஜெக்ட் அக்சஸ் ரிக்வெஸ்ட் என்பார்கள். கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், இந்தியாவில் இருந்தபடியே இணையத்தில் கேட்கலாம். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆய்வறிக்கையைக் கொடுக்காமல் விட்டபோது பல்கலைக்கழகம் உங்கள் பதிவை நீக்கி, அரசுக்குத் தகவல் அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பினால், ஹோம் ஆபீஸ் விசாவை முன்கூட்டியே முடித்துவிடும். வழக்கமாக 60 நாள் அவகாசம் தருவார்கள். அந்தக் கடிதம் பெரும்பாலும் மின்னஞ்சலில் வரும். கல்லூரி மின்னஞ்சலையே கொடுத்திருந்து, அது முடக்கப்பட்டிருந்தால், உங்கள் கண்ணிலேயே படாமல் போயிருக்கும். அப்படி நடந்திருந்தால் உங்கள் ஓவர்ஸ்டே ஜனவரி 30-க்கு முன்பே தொடங்கியிருக்கும்! அதனால் ஓராண்டுத் தடை நீளவும் செய்யாது, குறையவும் செய்யாது. அது கிளம்பிய நாளிலிருந்துதான் எண்ணப்படுகிறது. ஆனால் நீங்கள் படிவத்தில் எழுதும் தேதியும் அவர்களிடம் உள்ள தேதியும் ஒத்துப்போக வேண்டும். நினைவை நம்பி எழுதித் தவறான தேதி கொடுத்தால், உள்நோக்கமே இல்லாவிட்டாலும் சந்தேகம் முளைக்கும்.

அப்புறம், விசா அதிகாரிக்கும் முன்னால் உங்களை நிறுத்தப்போவது பல்கலைக்கழகம். இதை மாணவர்கள் கவனிப்பதே இல்லை. மாணவர் விசாவுக்கு, சேர்க்கையை உறுதிசெய்யும் சிஏஎஸ் எண் வேண்டும். அதைத் தருவது பல்கலைக்கழகம். அவர்கள் சேர்த்த மாணவர்களில் எத்தனை பேருக்கு விசா மறுக்கப்பட்டது என்பதை அரசு கணக்கு வைக்கிறது. பத்து சதவீதத்தைத் தொட்டால் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமத்துக்கே ஆபத்து என்று இருந்த விதியை, ஐந்து சதவீதமாக இறுக்கப்போவதாக 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு அறிவித்தது. எனவே ஓவர்ஸ்டே உள்ள மாணவர் என்றால் சில பல்கலைக்கழகங்கள் கதவைச் சாத்திவிடும். அதற்காக மறைக்காதீர்கள். அட்மிஷன் பிரிவிடம், முடிந்தால் விசா இணக்கத்தைப் பார்க்கும் பிரிவிடம், முன்பணம் கட்டும் முன்பே நடந்ததை மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். நாலு இடத்தில் 'வேண்டாம்' என்று வரலாம். ஐந்தாவது இடத்தில் விவரம் கேட்பார்கள். உங்களுக்குத் தேவை அந்த இடம்தான். விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பொய்த் தகவலால் மறுக்கப்பட்டால் பணம் கிடையாது என்று பல பல்கலைக்கழகங்களின் விதியிலேயே இருக்கிறது.

விண்ணப்பத்தோடு ஒரு விளக்கக் கடிதம் வையுங்கள். ஒன்றரைப் பக்கம் போதும். விசா எப்போது முடிந்தது, ஏன் கிளம்பவில்லை, எப்போது எப்படிக் கிளம்பினீர்கள், அதற்குப் பிறகு ஊரில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கூடவே டிக்கெட், போர்டிங் பாஸ், சென்னை முத்திரை உள்ள பாஸ்போர்ட் பக்கம், மாமாவின் வங்கிக் கணக்கில் டிக்கெட் பணம் போன வரி எல்லாம் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை மாற்றியிருந்தாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். அப்பாவின் தொழில் நொடித்ததற்கு வங்கி நோட்டீஸ், ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்த கடிதம் என்று ஏதாவது காகிதம் இருக்கும், அதையும் இணையுங்கள். மன்னிப்புக் கேட்டுப் பக்கம் பக்கமாக உருக வேண்டியதில்லை. அதிகாரி பார்ப்பது இரண்டு விஷயம்: நடந்ததை அப்படியே சொல்கிறாரா, இந்த முறை படிப்பை முடித்துக் கிளம்புவாரா?

இரண்டாவது கேள்வியில் பணம் வருகிறது. போன முறை நடுவழியில் பணம் நின்றுதானே எல்லாம் நடந்தது. 2025 நவம்பரிலிருந்து, வாழ்க்கைச் செலவுக்கு லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு, அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே என்றால் 10,539 பவுண்டு. முதலாண்டுக் கட்டணத்தில் பாக்கி இருந்தால் அதுவும் சேரும். தொடர்ந்து 28 நாள் அந்தத் தொகைக்குக் கீழே இறங்காமல் கணக்கில் கிடக்க வேண்டும். கணக்கு உங்களுடையதோ பெற்றோருடையதோ இருக்கலாம். மாமாவின் கணக்கு செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட வங்கியின் கல்விக்கடன் கடிதம் செல்லும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் காட்டி நிறுத்தாமல், இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, படிப்பு முடியும் வரை எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதையும் கடிதத்தில் சொல்லுங்கள். இந்த அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கும் வாரத்தில் பிரிட்டன் அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோ நேர்காணலுக்கும் அழைக்கலாம். பழைய ஓவர்ஸ்டே பற்றிக் கேட்டால், கடிதத்தில் எழுதியதையே உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். மனப்பாடம் வேண்டாம்.

மறுத்துவிட்டால் என்ன? மருத்துவச் சேவைக்காகக் கட்டிய கூடுதல் கட்டணம் திரும்ப வரும், விசா கட்டணம் வராது. அதிகாரி விதியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்று தோன்றினால் 28 நாளுக்குள், 80 பவுண்டு கட்டி, மறுஆய்வு கேட்கலாம். புதிய ஆதாரங்களைச் சேர்க்க அது இடமில்லை. ஆகவே முதல் விண்ணப்பத்திலேயே எல்லாவற்றையும் வைத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் முதுநிலைப் படிப்பு பொதுவாக 180 கிரெடிட். ஆய்வறிக்கை இல்லாமல் 120 கிரெடிட் தேறியிருந்தால், போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமோ சான்றிதழோடு வெளியேறும் வழி பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. பாடங்கள் எல்லாவற்றிலும் தேறியிருக்கிறீர்கள் என்பதால் பழைய பல்கலைக்கழகத்துக்கு எழுதி, அது கிடைக்குமா என்று கேளுங்கள். கட்டணப் பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்க்கச் சொல்வார்கள், தவணை கேட்டுப் பாருங்கள். சில பல்கலைக்கழகங்கள் அந்த கிரெடிட்டுகளை ஏற்றுக்கொண்டு மீதியை மட்டும் முடிக்க விடும். சிலவற்றில் ஆய்வறிக்கையை ஊரிலிருந்தபடியே முடித்துக் கொடுக்கவும் அனுமதி கிடைக்கும். அப்படி அமைந்தால் உங்களுக்கு விசாவே தேவைப்படாமல் போகலாம். ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இந்த ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள்.