சான்றிதழ் இருக்கிறது, இடுப்பு எப்படி?

கேள்வி: பதிவுச் சான்றிதழோடு ஒரு ஜேர்மன் ஷெப்பர்ட் பெண் குட்டி வாங்கினோம். இப்போது ஆறரை மாதம், 25 கிலோ. காலையில் எழும்பச் சிரமப்படுகிறாள். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரித் துள்ளுகிறாள். வளர வளரச் சரியாகிவிடும், கல்சியம் சிரப் கொடுங்கள் என்கிறார் விற்றவர். ஒருமுறை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்று நிலாவெளியில் ஆண் நாய் வைத்திருப்பவர் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார். வீடு முழுக்க டைல்ஸ். என்ன செய்வது?
– வாசகி, உப்புவெளி

பதில்: கல்சியம் சிரப்பை இன்றைக்கே நிறுத்துங்கள். மிச்சம் பிறகு.

பெரிய இனக் குட்டிகளின் குடலுக்கு முதல் ஆறு மாதம் வரை மேலதிக கல்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் போதாது. ஊற்றுவதெல்லாம் உள்ளே போய், எலும்பும் குருத்தெலும்பும் வளரும் ஒழுங்கைக் கெடுக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று பைக்கற்றில் வரும் உணவில் தேவையான கல்சியம் ஏற்கெனவே இருக்கிறது. சோறும் மீனும் மட்டும் கொடுத்தால் கல்சியம் குறையும்தான். அதற்கும் வழி உணவை மாற்றுவது, கண்மதிப்பில் சிரப் ஊற்றுவதல்ல.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஹிப் டிஸ்பிளேசியா என்ற இடுப்பு மூட்டுக் கோளாறுக்குப் பொருந்துகின்றன. தொடை எலும்பின் பந்து இடுப்பெலும்பின் கிண்ணத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். இந்தக் குட்டிகள் பிறக்கும்போது மூட்டு சரியாகவே இருக்கும். வளரும்போது தசைநார் தளர்ந்து, அகன்ற உரலில் உலக்கை மாதிரிப் பந்து ஆடத் தொடங்கும். ஆட ஆடக் கிண்ணம் ஆழமாகாமல் தட்டையாகும், விளிம்பு தேயும். இதற்கு ஒரு மரபணுவைக் குற்றம் சொல்ல முடியாது. பல மரபணுக்கள் சேர்ந்து வழிவிடுகின்றன. எடை, உணவு, தரை மூன்றும் அதைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

ஆனால் பார்த்த மாத்திரத்தில் முடிவுகட்ட வேண்டாம். இதே வயதில் ஜேர்மன் ஷெப்பர்ட்களுக்குப் பனொஸ்டியைற்றிஸ் என்ற எலும்பு அழற்சி வரும். ஒரு கிழமை முன்னங்கால், அடுத்த கிழமை பின்னங்கால் என்று நொண்டல் இடம் மாறினால் அதைச் சந்தேகிக்கலாம். அது தானாகவே போய்விடும். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சலும் மூட்டு வலியாகக் காட்டும். ஆகவே எக்ஸ்ரேயோடு இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

எக்ஸ்ரே மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். குட்டியை மல்லாத்தி, பின்னங்கால் இரண்டையும் சமாந்தரமாகப் பின்னுக்கு நீட்டி, முழங்கால்களை உள்நோக்கித் திருப்பிப் பிடிப்பார்கள். இடுப்பு சற்றுச் சாய்ந்தாலும் ஒரு பக்கக் கிண்ணம் இருப்பதைவிட ஆழமாகவும் மறுபக்கம் ஆழம் குறைந்தும் தெரியும். முழிப்பில் அமுக்கிப் பிடித்து எடுத்த படத்துக்குக் காசு கொடுப்பது வீண். மயக்கத்தில் இருக்கும்போதே மூட்டு எவ்வளவு ஆடுகிறது என்று வைத்தியர் கையால் சோதிக்கும் ஓர்ட்டோலானி பரிசோதனையையும் செய்யச் சொல்லுங்கள். திருகோணமலையில் வசதிப்படாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் வைத்தியசாலை இருக்கிறது. ஹபரணை, தம்புள்ளை வழியாக நீண்ட பயணம். இடையில் இறக்கி நடக்க விடுங்கள்.

தாமதிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இடுப்பெலும்பின் முன் இணைப்பை மூடும் சிறிய அறுவைச் சிகிச்சைக்கான காலம் ஐந்து மாதத்தோடு முடிந்துவிட்டது. கிண்ணத்தைத் திருப்பி அமைக்கும் சிகிச்சை, மூட்டில் தேய்வு தொடங்காதிருந்தால், ஏறக்குறைய பத்து மாதம் வரை சாத்தியம். அதற்கும் பிந்தினால் பந்தை வெட்டி எடுப்பது அல்லது செயற்கை மூட்டு. பல நாய்களுக்கு இவை எதுவும் வேண்டியிருப்பதில்லை.

பெரிய வேலை எடையில்தான் இருக்கிறது. இந்த இனத்தில் முழுதாக வளர்ந்த பெண் நாய்க்கே 22 முதல் 32 கிலோதான். ஆறரை மாதத்தில் 25 கிலோ என்பது கொழுகொழுவென்று பார்க்க அழகு, மூட்டுக்குச் சுமை. அமெரிக்காவில் 48 லாப்ரடோர்களைச் சோடி சோடியாக வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்த ஆய்வு 2002 இல் வெளியானது. 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ 1.8 வருடம் கூடுதலாக வாழ்ந்தன. இடுப்பு மூட்டுத் தேய்வும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. கையில் உள்ள எந்த மருந்துக்கும் இப்படியொரு சாட்சி இல்லை. விலா எலும்பு அழுத்தாமலே கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும். இப்போது கொடுப்பதில் பத்திலொரு பங்கைக் குறைத்து, இரண்டு வேளையாகப் பிரித்து, இரண்டு கிழமைக்கொருமுறை நிறுத்துப் பாருங்கள். தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். பின்னேரத் தேநீரோடு போகும் பாணும் பிஸ்கட்டும் கணக்கில் வரும்.

டைல்ஸில் அவள் படுக்கும், திரும்பும் இடங்களில் றப்பர் விரிப்பு போடுங்கள். நகத்தையும் பாதத்துக்கடியில் வளரும் மயிரையும் வெட்டிவிடுங்கள். படி வேண்டாம், பந்து எறிந்து துள்ள விடுவதும் வேண்டாம். கயிற்றோடு ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை, பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கட்டும். கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் விடியவே போய்விடுங்கள். உப்புவெளிக் கரையில் அலை நனைத்த இறுகிய மணல் நல்லது. கால் புதையும் மணலில் இடுப்பு இரட்டிப்பாக உழைக்கும். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நீந்த விடுங்கள், மூட்டில் பாரம் விழாமல் தொடைத் தசை ஏறும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வலிக்கு வீட்டிலுள்ள பனடோல், இபுபுரொபன் எதுவும் கூடாது. இபுபுரொபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

‘வளரச் சரியாகும்’ என்பதில் பாதி உண்மை உண்டு. ஒரு வயதைத் தாண்டும்போது மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து, ஆட்டம் குறைந்து, பல குட்டிகள் நன்றாக ஓடத் தொடங்கும். கிண்ணம் மாறியிருக்காது, தேய்வு பிறகு வரும். சிக்கல் என்னவென்றால், நொண்டல் மறைந்த அந்த வயதில்தான் ஆண் நாய்க்காரர்கள் வாசலுக்கு வருகிறார்கள்.

சான்றிதழ் சொல்வது தாய் தகப்பன் யார் என்பதை மட்டும். அவற்றின் இடுப்பைச் சொல்ல எக்ஸ்ரே வேண்டும். ஐரோப்பிய முறையில் ஒரு வயதுக்குப் பிறகு எடுத்த படத்துக்கு ஏ முதல் ஈ வரை தரமிடுவார்கள்; அமெரிக்க அமைப்பு இறுதித் தரத்தை 24 மாதத்துக்குப் பிறகே தரும். ஏ அல்லது பீ இருந்தால் இனவிருத்தி பற்றிப் பேசலாம். டீ, ஈ என்றால் பேச்சே இல்லை. பிரிட்டிஷ் முறையில் பக்கத்துக்கு 53, மொத்தம் 106. எண் குறையக் குறைய நல்லது. நிலாவெளிக்காரரிடம் அவருடைய நாயின் இடுப்புப் படத்தையும் முழங்கைப் படத்தையும், திகதியும் மைக்ரோசிப் எண்ணும் பதிந்தபடி, கேளுங்கள். கூடப் பிறந்தவை எப்படி நடக்கின்றன என்றும் கேளுங்கள். நல்ல இடுப்புள்ள சோடிக்கும் கெட்ட இடுப்புக் குட்டி பிறக்கும் என்பதால் உடன்பிறப்புகளின் கணக்கு முக்கியம்.

ஒருமுறை குட்டி போட்டால் நல்லது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. உங்கள் படத்தின் பிரதியை விற்றவருக்கு அனுப்புங்கள். பொறுப்புள்ளவர் அதே சோடியை மறுபடி சேர்க்கமாட்டார். கோபித்துக்கொண்டால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கும் இப்போது அவசரப்பட வேண்டாம். இந்த இனத்தில் ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுவதாகக் கண்டிருக்கிறார்கள். அதுவரை ஹீட் (சினைப்பருவம்) வந்தால் ஏறத்தாழ மூன்று கிழமைக்கு வீட்டுக்குள் வைத்திருங்கள். இரத்தப்போக்கு வெளிறியதும் முடிந்துவிட்டதென்று கேற்றைத் திறந்துவிடாதீர்கள். சினைப்பிடிக்கும் நாட்கள் அவைதான்.