நேர்த்தி பிசகினால் கடவுள் தண்டிப்பாரா? இறையச்சம் என்பது இதுதானா?

கேள்வி: மகனுக்குச் சுகம் வந்தால் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு செவ்வாயும் குடும்பமாக வருவோம் என்று கொழும்பு கொச்சிக்கடைக் கோயிலில் புனித அந்தோனியாரிடம் ஒரு தாய் நேர்த்தி வைத்தார். மகன் சுகமாகி இப்போது கனடாவில். தாய்க்கு நடக்க இயலாது. "நேர்த்தி பிசகினால் வீட்டுக்குக் கூடாது" என்று சனம் பயப்படுத்துகிறது. கடவுளுக்குப் பயந்து கீழ்ப்படி என்று வேதம் சொல்வது இதைத்தானா?

பதில்:

இல்லை. முதலில் நேர்த்தியை முடித்துவிடுவோம், பயத்துக்குப் பிறகு வரலாம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 1191 முதல் 1198 வரையுள்ள விதிகள் நேர்த்தியைப் பற்றியவைதான். நேர்த்தி என்பது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. புனிதரை முன்னிறுத்தி வைத்தாலும் கடன் கடவுளுக்கே. அந்தோனியார் வட்டிக்கடைக்காரர் அல்லர். வாக்குச் சுயமாக, யோசித்து, செய்யக்கூடிய ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுத்ததாக இருக்கவேண்டும். அநியாயமான கடும் பயமுறுத்தலால் வைத்த நேர்த்தி செல்லாது.

உங்கள் கேள்விக்கு முக்கியமானது 1193: நேர்த்தி வைத்தவரை மட்டுமே அது கட்டும். ஆகவே கனடாவில் இருக்கும் மகன் எதற்கும் கடன்பட்டவரல்ல. தாயைப் பொறுத்தவரை, வாக்களித்த விஷயமே அடியோடு மாறிவிட்டால் நேர்த்தி தானாக அற்றுப்போகும் என்கிறது 1194. மனம் ஆறவில்லையென்றால் பங்குத்தந்தையிடம், அதாவது உங்கள் ஊர்க் கோயிலுக்குப் பொறுப்பான குருவிடம், மூன்று விஷயம் சொன்னால் போதும்: என்ன வாக்கு, எப்போது வைத்தது, ஏன் இப்போது முடியவில்லை. நியாயமான காரணம் இருந்தால் அவருக்கு விடுவிக்க அதிகாரம் உண்டு. தன் பங்கைச் சேராத வழிப்போக்கரைக்கூட விடுவிக்கலாம். ஒரே தடை, மூன்றாம் ஆளின் உரிமை கெடக்கூடாது. ஒருவருக்கு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உரிமையை நேர்த்தி விடுதலை சொல்லிப் பறிக்க முடியாது.

மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. அதே அளவு அல்லது அதைவிட நல்ல காரியமாக, வைத்தவரே மாற்றலாம். அந்தோனியார் பெயரால் ஏழைகளுக்குப் பாண் கொடுப்பது பழைய வழக்கம், செவ்வாய்ப் பயணத்துக்குப் பதிலாக அது பொருந்தும். அதைவிடச் சிறியதாகக் குறைப்பதென்றால்தான் பங்குத்தந்தை வேண்டும்.

இனி நேர்த்தி வைப்பவர்களுக்கு: "வாழ்நாள் முழுக்க", "குடும்பமாக" என்ற இரண்டு சொல்லும் வேண்டாம். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பிறரை இழுக்காமல் நீங்கள் தனியாகவே செய்யக்கூடியது, முடிவுத் தேதி உள்ளது, உங்கள் கைக்காசில் அடங்குவது எதுவோ அதை நேர்ந்துகொள்ளுங்கள். நேர்த்தி வைக்காமல் இருப்பது பாவமே அல்ல என்று உபாகமம் 23:22 வெளிப்படையாகச் சொல்கிறது.

இப்போது பயம். சீனாய் மலையில் இடியும் புகையும் கண்டு மக்கள் நடுங்கியபோது மோசே சொன்னதை யாத்திராகமம் 20:20இல் பாருங்கள். பயப்படவேண்டாம் என்கிறார், அதே மூச்சில், பாவம் செய்யாதபடிக்கு அவரைப் பற்றிய பயம் உங்கள் முன் இருக்கவேண்டும் என்கிறார். ஒரே வசனத்தில் இரண்டு பயம். ஒன்றை விடச் சொல்கிறார், மற்றதை வைத்திருக்கச் சொல்கிறார். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை அடிமையின் பயம், பிள்ளையின் பயம் என்று பிரித்தார். அடிமை அடிக்குப் பயப்படுவான். பிள்ளைக்கோ அப்பாவின் மனம் நோகும், உறவு முறியும் என்ற பயம். தூய ஆவியின் ஏழு கொடைகளில் வைத்து எண்ணப்படுவது இந்த இரண்டாவது. "வீட்டுக்குக் கூடாது" என்று சனம் சொல்வது முதலாவது.

இந்தப் பிள்ளைப் பயம் எங்கே தெரியும்? கோயிலில் என்றுதான் நினைப்போம். லேவியராகமத்தில் "உன் தேவனுக்குப் பயப்படு" என்பது எந்தக் கட்டளைகளோடு ஒட்டி வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே (19:14). நரைத்தவர் முன் எழுந்து நில் (19:32). விற்கிற வாங்கிற இடத்தில் ஏமாற்றாதே (25:17). நொடிந்துபோனவனிடம் வட்டி வாங்காதே (25:36). உன் கீழ் வேலை செய்பவனைக் கொடுமையாய் ஆளாதே (25:43). ஐந்தில் ஒன்றுகூட வழிபாட்டைப் பற்றியதல்ல. செவிடனுக்குத் திட்டியது கேட்காது, குருடனுக்கு வைத்தவன் யாரென்று தெரியாது. அகப்படமாட்டோம் என்று நன்றாகத் தெரிகிற இடத்தில்தான் அந்தச் சொல் வந்து நிற்கிறது. கொழும்புக்குச் சொன்னால்: புறக்கோட்டைக் கடையின் தராசு, மலையகத்திலிருந்து வீட்டுவேலைக்கு வந்த பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டு, 138 பஸ்ஸில் பக்கத்தில் நிற்கும் கிழவர்.

கீழ்ப்படிதல் என்ற சொல்லைவிட நம் பேச்சுத்தமிழ் இங்கே நெருக்கமாக இருக்கிறது. "சொல்வழி கேள்" என்கிறோம் அல்லவா? எபிரேயத்தில் "ஷாமா" என்ற ஒரே வினைக்குக் கேட்பதும் கேட்டபடி நடப்பதும் இரண்டும் பொருள். காதில் விழுந்தும் செய்யாதவன் கேட்கவே இல்லை என்றுதான் அந்த மொழியிலும் கணக்கு.

நேர்த்திக்கும் கட்டளைக்கும் முட்டினால்? மாற்கு 7:9-13இல் இயேசு தீர்த்துவைத்தது இதைத்தான். பெற்றோருக்குப் போகவேண்டிய உதவியைச் சிலர் "கொர்பான்", அதாவது கடவுளுக்கு நேர்ந்தது, என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். கடவுளின் கட்டளையை உங்கள் பரம்பரை வழக்கத்தால் அவமாக்குகிறீர்கள் என்று கடிந்துகொண்டார். தாய் தகப்பனை மதிப்பது கட்டளை. (கத்தோலிக்கருக்கு நாலாவது, மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் ஐந்தாவது, எண்ணுகிற முறை வேறு, கட்டளை ஒன்றே.) நேர்த்தி நாமாக ஏற்றுக்கொண்டது. இயலாத தாயை வீட்டில் தனியே விட்டுவிட்டு அவருடைய நேர்த்திக்காகச் செவ்வாய்தோறும் யாரோ கொச்சிக்கடை வரிசையில் நிற்பது தலைகீழான பக்தி. செவ்வாய் தவறாமல் போய் ஞாயிறுப் பூசையை விடுவதும் அப்படியே. ஞாயிறு வேலையென்றால் சனி மாலைப் பூசை கடமைக்குப் போதும், தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சீர்திருத்த சபைகளில் நேர்த்தியைப் பொருத்தனை என்பார்கள். அங்கே இந்தச் சட்ட எண்கள் இல்லை, போதகரோடு பேசி ஜெபித்துத் தீர்ப்பார்கள்.

அந்தத் தாய்க்கு இப்போது செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. பங்கில் சொன்னால் நற்கருணையை, அதாவது பூசையில் கொடுக்கும் திரு அப்பத்தை, வீட்டுக்கே கொண்டுவருவார்கள். அதை வாங்குவதற்கு முன்னதாக ஒரு மணிநேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்ற விதி முதியவர்களையும் நோயாளிகளையும் கட்டாது. அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கட்டாது. எனவே மருந்துக்கு முன் அவருக்குக் கஞ்சி கொடுத்தாயிற்றே, கூட இருந்தவரும் தேத்தண்ணி குடித்தாயிற்றே என்று யாரையும் திருப்பி அனுப்பவேண்டாம்.