ஹால் டிவிக்கு ஒரு குட்டிக் கணினி: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் டவுனில் கணினி பழுது பார்ப்பது என் வேலை. தீபாவளி போனஸ் கைக்கு வரும் நேரத்தில் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். பெரிய டிவி வாங்கியாகிவிட்டது, பக்கத்தில் சின்னதாக ஒரு கணினி வைத்துப் படம் பார்க்க வேண்டும், எதை வாங்குவது? வந்த கேள்விகளைச் சுருக்கியும் பதில்களைக் கொஞ்சம் விரித்தும் கீழே தருகிறேன்.

தாமான் துன் சம்பந்தனிலிருந்து ஓர் அக்கா: எங்கள் டிவி ஸ்மார்ட் டிவிதான். நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் இரண்டும்தான் பார்ப்போம். கணினி வைத்தால் படம் இன்னும் தெளிவாக இருக்கும் என்று மகன் சொல்கிறான். வாங்கலாமா தம்பி?

வேண்டாம் அக்கா. தெளிவு கூடப் போவதில்லை, குறையத்தான் வாய்ப்பு அதிகம். நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் 4கே என்ற மிகத் தெளிவான படத்தைத் தாங்கள் சோதித்து ஒப்புக்கொண்ட கருவிகளுக்கு மட்டும்தான் அனுப்பும். உங்கள் டிவிக்கு அந்த அனுமதி ஏற்கெனவே இருக்கிறது. கணினியில் என்றால் விண்டோசில் குறிப்பிட்ட செயலியோ உலாவியோ வேண்டும், டிவியும் கேபிளும் அதற்கு ஒத்துவர வேண்டும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் உலாவியில் 4கே கிடைக்கவே கிடைக்காது.

ஹார்ட் டிஸ்கில் சொந்தமாகப் படங்கள் இருக்கின்றன, பழைய வட்டுகள் கிடக்கின்றன, இலவச டிவியைப் பதிவு செய்ய வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தப் பெட்டி. மகனுக்கு உண்மையில் வேண்டியது விளையாட்டுக் கணினியோ என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஹீவுட் தோட்டத்திலிருந்து: ஹார்ட் டிஸ்க் நிறையப் படம் வைத்திருக்கிறேன். ஆயிரம் வெள்ளிதான் (ரிங்கிட்) பட்ஜெட். புதுசு வாங்குவதா, ஆபீசில் கழித்துவிட்ட பழசு வாங்குவதா?

இரண்டுமே சரிதான், பழசு வாங்கினால் மட்டும் ஒரு எண்ணைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்றே ப்ராசஸருக்குள் தனிச் சுற்று ஒன்று இருக்கிறது. உங்கள் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டதோ அந்த முறை அந்தச் சுற்றுக்குத் தெரிந்திருந்தால், மிகச் சாதாரண ப்ராசஸர்கூட 4கே படத்தை அலட்டாமல் ஓட்டும். தெரியாவிட்டால் விலை உயர்ந்த ப்ராசஸரும் மூச்சு வாங்கும், விசிறி கத்தும். அதனால் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், தலைமுறையைப் பாருங்கள்.

டெல், லெனோவோ, எச்பி மூன்று நிறுவனங்களும் ஆபீஸ்களுக்கென்று ஒரு லிட்டர் அளவில் குட்டிக் கணினிகள் செய்கின்றன. அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துவிடும்போது அவை மலிவாக வெளியே வருகின்றன. மேலே இன்டெல் ஐ5-7500டி என்று ப்ராசஸர் பெயர் போட்டிருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 7தான் தலைமுறை. 6ஆம் தலைமுறை, எச்இவிசி என்ற முறையில் சுருக்கிய படங்களில் 8 பிட் நிற வகையை மட்டும்தான் சுற்றில் விரிக்கும். இன்றைய 4கே படங்கள் பெரும்பாலும் 10 பிட், அதற்கு 7 வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் இனி விண்டோஸ் 11தான், அதைப் போட 8 வேண்டும். யூடியூபில் இப்போது பரவலாகிவிட்ட ஏவி1 முறைக்கு 11ஆம் தலைமுறை வரை ஏற வேண்டும்.

புதுசு என்றால் இன்டெல் என்100 போட்ட பெட்டி. 2023இல் வந்த ப்ராசஸர், 4 கோர், மின் அளவு 6 வாட், ஏவி1 உட்பட எல்லாமே தெரியும். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும், படங்கள் எப்படியும் உங்கள் ஹார்ட் டிஸ்கில்தானே இருக்கின்றன. எனக்குக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கையில் காசு குறைவு, யூடியூப் பார்ப்பதும் குறைவு என்றால் பழைய 8ஆம் தலைமுறைப் பெட்டி நன்றாகவே உழைக்கும்.

பழசு வாங்கும்போது பின்பக்கத்தையும் பாருங்கள். டிவிக்குப் படம் அனுப்பும் துளை எச்டிஎம்ஐ 1.4 மட்டும் இருந்தால் 4கே டிவியில் நொடிக்கு 30 படம்தான் வரும், மவுஸ் நகர்வதே இழுவையாகத் தெரியும். டிஸ்ப்ளே போர்ட் 1.2 என்ற இன்னொரு வகைத் துளை இருந்தால் எச்டிஎம்ஐ 2.0க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் போட்டு 60க்குப் போகலாம்.

சுங்கை சிப்புட் மாணவர் ஒருவர்: அண்ணே, ரெடிமேட் வேண்டாம், நானே பாகம் பாகமாக வாங்கிப் பொருத்த ஆசை.

கேம் விளையாடும் எண்ணம் இருந்தால் செய் தம்பி. படம் பார்க்க மட்டும் என்றால் காசுக்கேற்ற பலன் இல்லை. மினி ஐடிஎக்ஸ் என்ற குட்டி மதர்போர்டு 170 மில்லிமீட்டர் சதுரம்தான், ஆனால் அதைச் சுற்றி வரும் பெட்டி, பவர் சப்ளை எல்லாம் சேர்ந்தால் டிவி மேசையில் நல்ல இடம் பிடித்துக்கொள்ளும். தட்டையான பெட்டி எடுத்தால் ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் உயரத்தைப் பார்த்து வாங்கு. 37 மில்லிமீட்டர் உயரக் கூலர்கள் கிடைக்கின்றன. மேசையின் ஆழத்தை அளக்கும்போது பின்னால் வயர் வளைவதற்கும் ஒரு சாண் இடம் சேர்த்துக்கொள்.

லிந்தாங் பக்கமிருந்து ஓர் ஐயா: கண்ணாடிக் கதவு வைத்த டிவி அலமாரி இருக்கிறது. மேல் தட்டில் சாமி மாடம். கணினியைக் கீழ்த் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தலாமா?

கதவைச் சாத்தாதீர்கள் ஐயா. மத்தியானத்தில் நம் வீட்டு ஹாலே 32, 33 டிகிரியைத் தொடும். மூடிய அலமாரிக்குள் கணினி தான் வெளியே விட்ட சூட்டையே திரும்ப உள்ளே இழுக்கும். சூடு ஏறினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் திக்கும், கேபிள் சரியில்லை என்று நீங்கள் புதுக் கேபிள் வாங்குவீர்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி சாமி மாடம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். வெறும் தூசி என்றால் ஊதினால் பறக்கும். விளக்கின் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் சேர்ந்த தூசி பறக்காது. விசிறி இறக்கையில் கறுப்புப் பசையாக அப்பிக்கொண்டு, அதற்குப் பின்னால் இருக்கும் அலுமினியத் தகட்டு வரிசையின் சந்தெல்லாம் அடைத்துவிடும். பிரஷ்ஷால் தேய்த்தால் இன்னும் இழுகும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் தொட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மாடத்தை நகர்த்தச் சொல்ல நான் யார்? பெட்டியை நகர்த்துங்கள். டிவியின் எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் விசிறியே இல்லாத வகையாக வாங்குங்கள். அதில் வெளிக்கூடே சூட்டைக் கடத்தும், தொட்டால் சுடும், ஆனால் புகை உள்ளே இழுபடாது. துளை குறைவாக இருப்பதால் பல்லியும் சுலபமாக நுழையாது. வெதுவெதுப்பான இடம் தேடிப் பல்லி போர்டின் மேல் குடியேறுவது நம் ஊரில் சர்வ சாதாரணம்.

கோல கங்சாரிலிருந்து: என்100 பெட்டி வாங்கிவிட்டேன். எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆனால் கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் லேசாக வெட்டி வெட்டிப் போகிறது. பெட்டிக்குச் சக்தி போதவில்லையா?

சக்தி தாராளமாக இருக்கிறது. இது கணக்குத் தகராறு. சினிமா நொடிக்கு 24 படம், உங்கள் கணினி டிவிக்கு அனுப்புவது நொடிக்கு 60. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அரைப் படம் காட்ட முடியாதே, அதனால் ஒரு படத்தை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டிக் கணக்கை நேர் செய்கிறது. சண்டைக் காட்சியில் தெரியாது. வயல்வெளி மேல் கேமரா நிதானமாக ஊர்ந்தால் கண்ணை உறுத்தும்.

கோடி என்ற இலவச மென்பொருளில் படம் பார்க்கிறீர்கள் என்றால், அமைப்புகளில் பிளேயர் பகுதிக்குப் போய், வீடியோ பிரிவில் திரையின் ரிஃப்ரெஷ் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் காட்டும் என்பதைப் படத்துக்கேற்ப மாற்றும் வசதியைப் போட்டுவிடுங்கள். படம் தொடங்கும்போது டிவி ஓரிரு நொடி கறுப்பாகும். பயப்படாதீர்கள், 24க்கு மாறுகிறது. கணினி வாங்கியதன் பலனே இந்த ஒரு இடத்தில்தான் தெரியும் என்பேன். மலிவு டிவி பெட்டிகள் பலவற்றில் இது ஒழுங்காக நடப்பதில்லை.

அதே வீட்டு அம்மா: வசனம் ஒன்றுமே காதில் விழவில்லை. சத்தத்தைக் கூட்டினால் பாட்டு வந்து காதைப் பிளக்கிறது.

ஆறு தடம் கொண்ட 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்கள் டிவியில் இருப்பது இடது, வலது இரண்டுதான். ஆறு தடங்களையும் இரண்டில் அடைக்கும்போது வசனம் அமுங்கிப்போகிறது. கோடியின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கர் எண்ணிக்கையை 2.0 என்று வையுங்கள், ஒலியை அப்படியே டிவிக்குக் கடத்தும் பாஸ்த்ரூவை அணைத்துவிடுங்கள். படம் ஓடும்போதே ஒலி மெனுவில் சத்தத்தைப் பெருக்கும் கோடு ஒன்று இருக்கிறது, அதைச் சற்று ஏற்றினால் மெல்லிய பேச்சு மேலே வரும்.

கொஞ்சம் காசு மிஞ்சினால் ப்ராசஸரில் போடாமல் நடு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பாரில் போடுங்கள். டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் ஏஆர்சி துளையில் அதைச் செருகி, அணைத்த பாஸ்த்ரூவை மறுபடி போட்டால் சாதாரண டால்பி 5.1 போகும். ப்ளூரேயில் வரும் உயர்தர ட்ரூஎச்டி ஒலியை அப்படியே கொண்டுபோக அதன் புது வகையான இஏஆர்சி வேண்டும்.

சாலாக்கிலிருந்து: அக்கா கல்யாணம் விசிடியில் இருக்கிறது, தோட்டத்துக் கோயிலில் நடந்தது. பெரிய டிவியில் போட்டால் மங்கலாக இருக்கிறது. சரி செய்ய முடியுமா?

முதலில் காப்பாற்றுங்கள், மங்கலை அப்புறம் பார்ப்போம். நம் ஈர வெயிலில் பழைய வட்டில் பூஞ்சை படியும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். யூஎஸ்பி டிவிடி டிரைவில் போட்டு, எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் இருக்கும் டேட் ஃபைலைக் கணினிக்கு நகலெடுங்கள். விஎல்சி என்ற இலவச மென்பொருளில் அப்படியே ஓடும். நகலை இரண்டு இடத்தில் வையுங்கள்.

தெளிவைப் பொறுத்தவரை, நம் ஊர் விசிடியின் படம் 352க்கு 288 புள்ளி, 4கே டிவி 3840க்கு 2160. விசிடியின் ஒரு புள்ளியைக் கொண்டு டிவி 80க்கும் மேற்பட்ட புள்ளிகளை நிரப்ப வேண்டும், இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது? டிவியின் ஷார்ப்னஸைக் குறைத்து, படத்தைத் திரை முழுக்க இழுக்காமல் 4க்கு 3 அளவிலேயே பாருங்கள். மாப்பிள்ளை முகம் அகலமாகாமலாவது இருக்கும்.

தோட்டத்து லயத்திலிருந்து: ஏரியல் பூட்டி டிவி2 தமிழ்ச் செய்தியைப் பதிவு செய்ய முடியுமா?

முடியும். 2019 அக்டோபர் முடிவோடு நாடு முழுக்க அனலாக் ஒளிபரப்பு நின்று டிஜிட்டலாகிவிட்டது, மாதச் சந்தா கிடையாது. யூஎஸ்பி டியூனர் வாங்கும்போது டிவிபி-டி2 என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். 2 இல்லாத பழைய வகை மலிவாகக் கிடைக்கும், நம் நாட்டில் ஒன்றும் எடுக்காது. யூஎச்எஃப் ஏரியலை வீட்டு உயரத்துக்கு மேல் ஏற்றுங்கள். டிவிஹெட்எண்ட் என்ற மென்பொருள் பதிவைப் பார்த்துக்கொள்ளும்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: எல்லாச் சேனலும் இலவசமாக வரும்படி ஏதாவது போட்டுத் தருவீர்களா?

தர மாட்டேன். 2022இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இதற்கான கருவியையோ செயலியையோ விற்பவருக்குக் குறைந்த அபராதமே 10,000 வெள்ளி.

ரிமோட் விஷயமாகப் பலர்: டிவி ரிமோட்டிலேயே கணினியை இயக்க முடியாதா? கம்பியில்லா கீபோர்டு வாங்கினேன், அடிக்கடி விட்டுப்போகிறது.

டிவி ரிமோட்டை எச்டிஎம்ஐ வழியாகக் கடத்தும் சிஇசி வசதி பெரும்பாலான கணினிகளில் இல்லை. ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியில் இருக்கிறது. மற்றவர்கள் ஃப்ளர்க் போன்ற யூஎஸ்பி அகச்சிவப்பு ரிசீவர் ஒன்றைச் செருகி, சும்மா கிடக்கும் எந்த ரிமோட்டையும் பழக்கிக்கொள்ளலாம்.

கீபோர்டு விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் பக்கத்தில் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க். யூஎஸ்பி 3.0 இணைப்பிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும், கீபோர்டும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. ஒரு முழ யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி ரிசீவரைப் பெட்டிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். கீபோர்டைத் தூக்கிப் போட வேண்டாம்.

லிந்தாங் ஐயா மறுபடியும்: சாயங்காலம் இடி இடித்தால் சுவிட்சை அணைத்தால் போதுமா தம்பி?

போதாது ஐயா, பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளி மின்னலுக்குப் பெரிய விஷயமில்லை. மின்பாதுகாப்பு வைத்த நீட்டிப்புப் பலகை போட்டிருக்கிறேன் என்பார்கள். எர்த் சரியாக இல்லாத பழைய லயத்து வீடுகளில் அது அரைகுறையாகத்தான் காக்கும், வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஏரியல் வயரையும் கழற்ற வேண்டும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. ஆனால் மோடத்தின் பிளக்கும் அதிலிருந்து கணினிக்கு வரும் லேன் வயரும் கடத்தும். நான்கையும் ஒரே பக்கமாகக் கொண்டுவந்து, கை எட்டும் இடத்தில் வையுங்கள். அலமாரிக்குப் பின்னால் குனிந்து தேட வேண்டியிருந்தால் இரண்டு மழைக்கு மேல் யாரும் கழற்ற மாட்டார்கள்.