கூலியை விட்டுவிட்டு யாத்திரையா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடைக்கால யாத்திரைகள் பற்றிய உங்கள் கட்டுரையில், இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தையற்காரர்களும் ஸ்பெயினில் உள்ள சந்தியாகோவுக்குப் போனார்கள் என்று ஒரு வரி வருகிறது. பிரபுக்கள் போவது புரிகிறது. ஊசி பிடித்தால்தான் அடுப்பெரியும் என்றிருப்பவர் அத்தனை தூரம் எப்படிப் போவார்? செலவுக்கு யார் கொடுத்தது?

எம்.

அன்புள்ள எம்,

அவர் பின்னால் ஒரு சங்கம் இருந்தது. 1328ல் தொடங்கிய லிங்கன் தையற்காரர் சங்கத்தின் விதிகள் இன்றும் கிடைக்கின்றன. உறுப்பினர் ஒருவர் எருசலேமுக்குக் கிளம்பினால், சங்கத்துச் சகோதர சகோதரிகள் ஆளுக்கு ஒரு பென்னி (அக்கால வெள்ளிக் காசு) தர வேண்டும். ரோமுக்கோ சந்தியாகோவுக்கோ என்றால் அரைப் பென்னி. நகர வாசலைத் தாண்டிக் கூடப்போய் வழியனுப்ப வேண்டும். திரும்பி வரும்போது எதிர்கொண்டு அவருடைய கோயிலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

அந்த நூற்றாண்டின் கடைசியில் ஒரு தச்சருக்கு நாள் கூலி சுமார் 4 பென்னி. சந்தியாகோ போகிறவருக்கு முப்பது பேர் அரைப் பென்னி கொடுத்தாலும் சேர்வது நாலு நாள் கூலிதான். அதை வைத்து ஸ்பெயின் போய்வர முடியாது. நம் கல்யாண வீட்டு மொய் போலத்தான். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதே அதில் பெரிய கணக்கு. மிச்சத்துக்குச் சொந்தச் சேமிப்பும், வழியில் மடங்கள் போட்ட இலவச ரொட்டியும். நாட்களும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஆகாது. ஆங்கிலேயர் பலர் கப்பலேறி ஸ்பெயினின் ஆ கொருஞ்ஞா துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து சந்தியாகோவில் இருக்கும் நம் சந்தியாகப்பரின் (இயேசுவின் சீடர் யாக்கோபின்) கல்லறைக்கு மூன்று நான்கு நாள் நடைதான்.

எனக்கு மிகவும் பிடித்த விதி, அதே ஊரில் நெய்த கம்பளியை மிதித்து இறுக்குகிறவர்களின் சங்கத்தில் இருக்கிறது. ரோமுக்குப் போகிறவரை எல்லோரும் ஊருக்கு வெளியே ராணி சிலுவை வரை கொண்டுபோய் விட வேண்டும். ஆனால் அன்று ஞாயிறாகவோ திருநாளாகவோ இருந்தால் மட்டும். (1290ல் இறந்த எலினோர் ராணிக்காக எட்வர்ட் மன்னர் எழுப்பிய சிலுவை அது.) வேலை நாளில் புறப்படுகிறவருக்காகப் பட்டறையைப் பூட்ட யாரும் தயாராக இல்லை. விதி எழுதியவர்கள் விவரமானவர்கள்!

ஆனால் உங்கள் கேள்வி வேறோர் ஆளுக்குப் பொருந்தும்: கூலியாளுக்கு. சங்கங்கள் தங்கள் விதிகளை எழுதித் தர வேண்டும் என்று கேட்டது 1388ல் கேம்பிரிட்ஜில் கூடிய பாராளுமன்றம்; அதனால்தான் இவையெல்லாம் நம் கைக்கு வந்தன. அதே பாராளுமன்றம் இன்னொரு சட்டமும் போட்டது. வேலையாட்களும் கூலியாட்களும், யாத்திரை என்று சொல்லிக்கொண்டுகூட, அரச முத்திரையிட்ட கடிதம் இல்லாமல் தங்கள் வட்டாரத்தை விட்டு வெளியேறக் கூடாது. எதற்குப் போகிறான், எப்போது திரும்புவான் என்று அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். கடிதம் இல்லாமல் பிடிபட்டால், திரும்பிப் போய் வேலை செய்வதற்கு ஜாமீன் கிடைக்கும்வரை தொழுமரத்தில் (கால்களைப் பூட்டும் மரச்சட்டத்தில்) மாட்டிவைப்பார்கள்.