பழைய ஸ்போர்ட்ஸ் காரை முடிக்க மொத்தமாகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் 1972-ல் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் (துணிக்கூரை போட்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை ஓடாத நிலையில் வாங்கி, வீட்டு ஷெட்டில் வைத்து நானே புதுப்பித்து வருகிறேன். எஞ்சின் வேலை முடிந்துவிட்டது. பாடியில் துரு அதிகம். பாகங்களைக் கிரெடிட் கார்டில் வாங்கித் தவணையாக மாற்றி மாற்றி, இப்போது ஆறு தவணைகள் ஓடுகின்றன. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை, சேமிப்பும் தீர்ந்துவிட்டது. 14 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் ஒன்று கிடைக்கிறது. அதை வாங்கித் தவணைகளை எல்லாம் அடைத்துவிட்டு, மீதியில் காரை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்கிறார் என் மைத்துனர். அவர் பங்காகவும் கொஞ்சம் பணம் போட்டு, விற்கும்போது லாபத்தில் பாதி எடுத்துக்கொள்வாராம். இப்படியே விற்றுவிடு என்கிறாள் மனைவி. எனக்குக் காரை விட மனமில்லை. தூக்கமும் வரவில்லை. என்ன செய்வது? (தொகைகளை வெளியிட வேண்டாம்.)

பதில்: கணக்கை வரி வரியாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் பட்ஜெட் போடுங்கள், வட்டியைக் கவனியுங்கள் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கேட்டபடி தொகைகளைத் தவிர்த்து, உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். மற்ற எல்லாம் அந்த அளவில்தான்.

கார் வாங்கியது 300, சேமிப்பிலிருந்து. அதற்குப் பிறகு செலவு 420. அந்த 420-ஐப் பிரித்துப் பார்த்தேன். வெல்டிங் மெஷின், கருவிகள் 70. பாடித் தகடுகள் 50. எஞ்சின் 120. மீதி 180 எங்கே போனது? சீட் உறை, கார்பெட், துணிக்கூரை, குரோம் பம்பர், ஸ்போக் சக்கரம், டயர். இவற்றில் ஒன்றுகூட இன்னும் காரில் ஏறவில்லை. ஷெட்டில் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன. கார்டில் உங்கள் கடன் நிலுவை 240. அதாவது கடனில் முக்கால் பங்குக்குச் சமமான பணம் பெட்டிகளுக்குள் இருக்கிறது.

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது காரும் அல்ல, துருவும் அல்ல. கடைசியில் மாட்ட வேண்டிய பாகத்தை முதலிலேயே, தள்ளுபடி போட்டிருக்கிறார்கள் என்பதற்காக, தவணையில் வாங்கும் பழக்கம். இந்த ஒன்றை நிறுத்தினால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. நிறுத்தாமல் எந்தக் கடன் வாங்கினாலும் ஒரு வருடத்தில் இதே கடிதத்தை இன்னும் பெரிய எண்களோடு எழுதுவீர்கள்.

தள்ளுபடியில் வாங்கியதால் மிச்சம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. டயருக்கு வயது ஓடுவது நீங்கள் மாட்டிய நாளிலிருந்து அல்ல, தயாரான வாரத்திலிருந்து. பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கார் சாலைக்கு வரும்போது, ஒரு கிலோமீட்டர் கூட ஓடாமலே அந்த டயர்களின் ஆயுளில் பாதி போயிருக்கும். துணிக்கூரையும் பம்பரும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பாடி முடிந்த பிறகுதான் தெரியும். அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துபோயிருக்கும்.

ஸ்போக் சக்கரம் இன்னும் மோசம். உங்கள் காரில் இருப்பது நட்டு போட்டு மாட்டும் சாதாரணச் சக்கரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்போக் சக்கரத்துக்கு ஹப் (சக்கரத்தை மாட்டும் மையப் பகுதி) வேறு, எம்ஜிபியில் பின் அச்சின் அகலமும் வேறு. ஆக நீங்கள் வாங்கியது நான்கு சக்கரங்களை மட்டும் அல்ல, அவற்றை மாட்டுவதற்கான அடுத்த செலவையும் சேர்த்துத்தான். இப்படி ஒரு பாகம் இன்னொரு பாகத்தை இழுத்துக்கொண்டு வரும்.

சரி, இப்போது மைத்துனர் சொல்லும் கடன். மொத்தம் 900. அதில் 240 பழைய தவணைகளை அடைக்க, 660 காரை முடிக்க. ஐந்து வருடம், 14 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 21 வரும். இப்போது நீங்கள் கட்டுவது 27. மாதம் 6 குறைகிறதே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் 60 மாதத்தில் கட்டும் மொத்தத் தொகை ஏறக்குறைய 1,255. வட்டி மட்டும் 355. காரை வாங்கின விலையே 300தான்!

எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கார் 300, இதுவரை 420, இனி 660, வட்டி 355. மொத்தம் 1,735. கார்டுக்கு ஏற்கெனவே போன வட்டியையும் உங்கள் உழைப்பையும் இதில் சேர்க்கவில்லை. முடித்த நிலையில் இதே மாதிரிக் கார் 950 வரை போகிறது என்று நீங்களே விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மைத்துனர் பாதி கேட்கும் லாபம் எங்கிருந்து வரும்?

அவர் உங்களுக்கு அனுப்பிய செய்திகளையும் பார்த்தேன். 2018-ல் ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது உண்மை. 2022-ல் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே ஒன்று 13.5 கோடி யூரோவுக்குப் போனதும் உண்மை. அந்த ஃபெராரியில் மொத்தம் தயாரானவை 36. அந்த மெர்சிடிஸ் கூப்பேயில் இரண்டே இரண்டு. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார். அதனால்தான் அதன் பாகம் எல்லாம் இன்றும் கிடைக்கிறது, புது பாடி கூடப் பழைய அச்சுகளிலேயே செய்து விற்கிறார்கள். வீட்டில் வைத்துப் புதுப்பிக்க நினைக்கிறவருக்கு இது பெரிய வரம். ஆனால் எளிதாகக் கிடைக்கிற காரின் விலை விண்ணுக்கு ஏறாது. இரண்டையும் ஒருசேர எதிர்பார்க்க முடியாது.

பழைய கார்களைப் பங்கு பங்காகப் பிரித்து விற்கும் செயலிகளில் கொஞ்சம் போடச் சொல்கிறாராம். வேண்டாம். சேமிப்பு சுழியாக இருக்கும் வீட்டில் அதைப் பற்றிப் பேசவே கூடாது. நினைத்தபோது விற்று வெளியே வர முடியாத ஒன்று அது. காரைப் பாதுகாக்கும் செலவும் நடத்துபவரின் கட்டணமும் உங்கள் பங்கிலிருந்துதான் கழியும். புதிதாக ஒன்று வந்துவிட்டது என்பதற்காக அதை முதலீடு என்று கூப்பிட எனக்குச் சம்மதமில்லை.

மைத்துனர் போடுவதாகச் சொல்லும் பணத்தையும் வாங்காதீர்கள். லாபத்தில் பாதி என்கிறார். நஷ்டத்தில் எவ்வளவு என்று சொல்லவில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது மட்டும்தான். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, காரின் மேல் அவருக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் அவர் பணம் உள்ளே வந்த நாளிலிருந்து, எப்போது முடியும், எப்போது விற்கலாம் என்ற கேள்வியும் கூடவே வரும். காரை விற்க மனமில்லை என்று எழுதிய நீங்கள், விற்றே ஆக வேண்டிய இடத்தில் போய் நிற்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட நின்று தகடு பிடிக்கச் சொல்லுங்கள். அந்த உதவிக்கு வட்டி இல்லை.

மனைவி சொல்வது போல இப்போதே விற்றால்? பிரித்துப் போட்ட காரை வாங்குகிறவர், காணாமல் போன திருகாணிக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். போட்டதில் ஒரு சிறு பகுதிதான் தேறும். மனைவியின் பயம் நியாயமானது, ஆனால் அதற்கு மருந்து காரை விற்பது அல்ல, கார்டை நிறுத்துவது. இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஆறாவது தவணை பற்றி அவருக்கு இன்னும் தெரியாது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது. வீட்டுச் செலவு 60, தவணை 27 போக மாதம் 13 மிஞ்சும். இப்போது அது புதுப் பாகங்களில் கரைகிறது, சில மாதம் கார்டு பில்லை முழுதாகக் கட்டாமலும் விட்டிருக்கிறீர்கள். அப்படி விட்டால் பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே இன்றிலிருந்து காருக்குக் கார்டு கிடையாது. 13-ல் 5 காருக்கு, ரொக்கமாக. மீதி 8-ஐ முதல் மூன்று மாதம் சேமிப்பில் போடுங்கள், அதன் பிறகு வட்டி அதிகமுள்ள தவணையில் கூடுதலாகக் கட்டுங்கள்.

மாதம் 5-ஐ வைத்துக்கொண்டு என்ன வேலை செய்வது என்று கேட்பீர்கள். உங்கள் கார் இப்போது நிற்கும் கட்டத்துக்கு அது போதும். இந்தக் காருக்கு அடியில் தாங்கும் தனிச் சேஸிஸ் கிடையாது, மேலே இரும்புக் கூரையும் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடுகள்தான் முதுகெலும்பு. துருப்பிடித்த சில்லை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் வைப்பது மாதக்கணக்கில் நேரம் தின்னும் வேலை, ஆனால் பொருள் செலவு குறைவு. வெல்டிங் கம்பி, கேஸ், அரைக்கும் தட்டு, பிரைமர், அவ்வளவுதான். தகடுகள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம் போங்கள். கதவு இடைவெளியில் இரும்புக் குழாயை வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு வெட்டுங்கள். முட்டு இல்லாமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்து, கதவே மூடாது. அதைச் சரிசெய்ய வெளியே கொடுத்தால் ஆகும் செலவு என் கணக்கு எல்லாவற்றையும் புரட்டிவிடும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைக்காமல் வெல்டிங் பக்கமே போகாதீர்கள். வீட்டுக் காப்பீட்டில் ஷெட்டில் நடக்கும் இந்த வேலைக்கு இடம் இருக்கிறதா என்றும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தக் கடன் எனக்குப் பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் இதே துருதான். 660 என்று நீங்கள் போட்ட மதிப்பீடு கண்ணுக்குத் தெரியும் துருவுக்கானது. தகட்டைப் பிரித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். கால் பங்கு கூடினாலே 825 ஆகிவிடும். அப்போது கடனாக வாங்கிய பணமும் செலவாகித் தீர்ந்திருக்கும், காரும் முடிந்திருக்காது. பாடி வேலை முடியும் வரை, காரை முடிக்க எவ்வளவு ஆகும் என்ற எண் உங்களிடம் இல்லை. இல்லாத எண்ணுக்குக் கடன் வாங்க முடியாது.

பெட்டிகளில் எதை விற்பது? சீட் உறை, கார்பெட், பம்பரை வைத்துக்கொள்ளுங்கள், கெடாது, என்றாவது தேவைப்படும். டயர் பழையதாகிக்கொண்டே போகும் பொருள், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள். ஸ்போக் சக்கரத்துக்கு 50 கொடுத்திருக்கிறீர்கள், பிரிக்காத பெட்டி என்பதால் 35-க்காவது போகும். டயரில் வருவதைக் கணக்கில் சேர்க்காமல், இந்த 35-ஐ மட்டும் அப்படியே வட்டி அதிகமுள்ள தவணையில் கட்டினால் நிலுவை 205 ஆகும். மேலே சொன்னபடி கட்டிக்கொண்டு போனால் ஏறக்குறைய ஏழு மாதத்தில் ஆறு தவணைகளும் முடிந்துவிடும். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கட்டணம் இல்லாததை முதலில் முடியுங்கள்.

அதற்குப் பிறகு மாதம் 40 உங்கள் கையில் நிற்கும். பாதி சேமிப்புக்கு. மீதி 20-ஐ ரொக்கமாகக் காருக்குப் போட்டால், 660-க்கு 33 மாதம். முதல் ஏழு மாதத்தையும் சேர்த்து 40. மைத்துனரின் வழியில் கார் முன்னதாகவே ஷெட்டை விட்டு வெளியே வரலாம், ஆனால் தவணை 60 மாதம் ஓடும். ஒரே மூச்சில் முடிப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அதுதான்.

நடுவில் பணம் பற்றாத மாதம் வந்தால் தாராளமாக வேலையை நிறுத்திவையுங்கள், பிரைமர் அடித்த தகடு காத்திருக்கும். பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சிலிண்டர், ஹோஸ், பைப் எல்லாம் புதிது போடுங்கள், அதையும் கார் சாலைக்கு வரப்போகும் மாதத்தில் வாங்கினால் போதும். சக்கரப் பெட்டியை இந்த வாரமே விற்பனைக்குப் போடுங்கள்.