கொடிக்குப் பந்தல், வாழைக்கு முட்டு: டெல்டா வாசகர் கேள்விகள்

மயிலாடுதுறை வாசகர்: மைனஸ் 30 டிகிரி குளிரையும் தாங்கும் குட்டி கிவிக் கன்று இணையத்தில் விற்கிறார்கள். கொல்லையில் வைக்கலாமா?

பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். குளிரைத் தாங்கும் என்பது உண்மைதான். அந்தக் கொடிக்குக் குளிர் கட்டாயம் வேண்டும் என்பதைத்தான் விற்பவர் சொல்வதில்லை. ஜப்பான், கொரியா, வட சீனக் காடுகளில் வளரும் கொடி அது. இலையை உதிர்த்துவிட்டு, 7 டிகிரிக்குக் கீழே பல வாரம் உறங்கினால்தான் மொட்டு ஒழுங்காக விடும். நம்மூரில் மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கொடி பிழைத்தாலும் காய்ப்பைப் பார்க்க முடியாது. போதாததற்குப் பெரும்பாலான ரகங்களில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு.

பழக்கொடிதான் ஆசை என்றால் மஞ்சள் பேஷன் ஃப்ரூட் வையுங்கள். ஊதா ரகம் கொடைக்கானல் மாதிரி மலைக்குச் சரி, சமவெளிக்கு மஞ்சள்.

கும்பகோணம் வாசகி: அதே பேஷன் ஃப்ரூட்தான் சார். பந்தல் முழுக்கப் பூ, காய் மட்டும் இல்லை. என்ன உரம் போடுவது?

உரம் வேண்டாம், இன்னொரு கொடி வேண்டும். மஞ்சள் ரகம் தன் மகரந்தத்தால் காய் பிடிக்காது. வேறு விதையில் வந்த கொடியைப் பக்கத்தில் ஏற்றிவிடுங்கள். மகரந்தம் சுமப்பது கறுப்பாக, பெரிதாக ரீங்கரித்து வரும் தச்சுத் தேனீ. பட்ட மரத்திலும் காய்ந்த மூங்கிலிலும் துளை போட்டுக் குடியிருக்கும். பந்தலில் அப்படித் துளை இருந்தால் அடைத்துவிடாதீர்கள். அது வராவிட்டால், நண்பகலுக்கு மேல் பூ விரிந்ததும் ஒரு கொடியின் மகரந்தத்தை எடுத்து, மற்றக் கொடிப் பூவின் உச்சியில் பிரிந்து நிற்கும் மூன்று சூல்முடிகளிலும் தடவுங்கள்.

திருவையாறு வாசகர்: வீட்டுப் பூவன் தார் தள்ளியதும் சாய்கிறது. ஒரு கம்பு போதுமா?

இரண்டு கொடுங்கள். வாழைக்கு ஆணிவேர் கிடையாது. ஐப்பசி அடைமழையில் மண் குழைந்தால் தாரின் பாரமே மரத்தைச் சாய்த்துவிடும். சாய்ந்த பிறகு நிமிர்த்தினால் வேர் அறும். அதனால் தார் தள்ளியவுடனே முட்டுக் கொடுத்துவிட வேண்டும். தார் தொங்கும் பக்கம் ஒரு அடிக் குழி இரண்டு எடுத்து, மூங்கிலோ சவுக்கோ நட்டு, மேலே கத்தரிபோல் குறுக்கே கட்டுங்கள். அந்தக் கவையில் மரத்தின் கழுத்து உட்கார வேண்டும். கம்பு படும் இடத்தில் வாழைச்சருகை மடித்து வையுங்கள். காயில் கம்பு உரசவே கூடாது. அடியில் மண் அணைத்து, தண்ணீர் வடிய வாய்க்கால் இழுங்கள்.

2018 நவம்பரில் அடித்த கஜா மாதிரி வந்தால் தென்னையே நிற்காது. புயல் எச்சரிக்கை வந்ததும் முற்றிய தாரை வெட்டிவிடுங்கள், மற்ற மரங்களில் இலையைக் கழித்துவிடுங்கள். காற்றுப் பிடிப்பு குறையும்.

மன்னார்குடி வாசகி: கொய்யாக் கன்றுக்குக் கட்டிய கம்பை எப்போது எடுப்பது?

ஒரு வருஷத்தில் எடுத்துவிடலாம். அதுவரை கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருக்கும். வாழைநாரோ தேங்காய்நார்க் கயிறோ போதும். நைலான் பட்டையில் பதிந்து அறுத்துவிடும்.